இறுதிவரை நிலைநின்ற தேவசகாயம்

தொடங்குதல் பலர்க்கும் எளிது; தொடங்கியதை முடிவுமட்டும் கொண்டு செலுத்துதல் சிலர்க்கே கைகூடும். கல்வி, தொழில், நட்பு ஆகிய எல்லாவற்றிற்கும் இவ்வுண்மை பொருந்துமாயினும், சமயவாழ்விற்கு இது சிறப்பாகப் பொருந்தும். நித்தியஜீவன் என்னும் பேற்றை நம்பி ஒருவன் ஒரு நெறியை மேற்கொள்ளும்போது, அந்நம்பிக்கையின் உறுதியைச் சோதித்தறிய உரைகல் வேறில்லை. காலமும் துன்பமுமே உரைகல். அவ்வுரைகல்லில் தேய்ந்தும் மாற்றுக் குறையாத பொன்னாக விளங்கிய ஒருவர் நம் மாவட்டத்திலேயே பிறந்து, நம் மாவட்டத்திலேயே உயிர்நீத்து, நம் மாவட்டத்திலேயே அடக்கம் பெற்றிருக்கிறார். அவரே நீலகண்ட பிள்ளை எனப் பிறந்து தேவசகாயம் எனப் பெயர்பெற்றவர். அவருடைய சரித்திரத்தை நம் கல்லூரி மாணவர் ஒருமுறையேனும் ஊன்றி நோக்குதல் நலமென எண்ணி, அதனை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

பிறப்பும் வளர்ப்பும்

மார்த்தாண்டத்துக்கு அருகேயுள்ள நட்டாலம் என்னும் சிற்றூரில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் காயங்குளத்தைச் சேர்ந்த வாசுதேவன் நம்பூதிரி. திருவட்டாறு ஆதிகேசவப்பெருமாள் ஆலயத்தில் பூசனை புரிந்தவர். தாயார் தேவகி அம்மை, நாயர் குலத்தவர். அக்குலத்தார் கைக்கொண்டிருந்த மருமக்கள் தாய முறைப்படி, பிள்ளை தாய்மாமன் வீட்டில் வளர்ந்தது. எழுத்தும் கணக்கும், சாத்திரப் பயிற்சியும், வாளும் களரியுமாகிய போர்ப்பயிற்சியும் ஓர் உயர்குடி இளைஞனுக்கு வேண்டுமளவு இவர்க்கு வாய்த்தன.

அக்காலத்தில் வேணாட்டைத் திருவிதாங்கூர் என்னும் பேரரசாக விரித்துக்கொண்டிருந்தவர் மார்த்தாண்ட வர்மா மகாராஜா. அவர் 1729 முதல் 1758 வரை ஆண்டார். அவருடைய தலைநகர் பத்மநாபபுரம். நீலகண்டர் அங்கே அரண்மனை ஊழியத்தில் அமர்ந்தார். நீலகண்டசுவாமி ஆலயத்தின் காரியங்களையும் பார்த்துவந்தார். மயிக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்துகொண்டார். குலம், கல்வி, உத்தியோகம், அரசனது அபிமானம் என உலகம் பெரிதென மதிக்கும் நான்கும் முப்பது வயதிற்குள்ளாகவே இவர்க்குக் கிட்டிவிட்டன.

ஒல்லாந்தப் படைத்தலைவனின் நட்பு

1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் குளச்சல் கடற்கரையில் திருவிதாங்கூர்ப் படைக்கும் ஒல்லாந்தக் கம்பெனிப் படைக்கும் நிகழ்ந்த போரை நம் மாவட்டத்தார் எவரும் அறிவர். ஐரோப்பியக் கம்பெனி ஒன்று இந்திய மன்னனிடம் தோல்வியுற்ற அப்போரில் சிறைப்பட்டோருள் யூஸ்தாக்கியூஸ் டிலனாய் என்பவரும் ஒருவர். அவரது ஆற்றலை உணர்ந்த மகாராஜா அவரைக் கொல்லாமலும் வாளா சிறையில் வைக்காமலும், தம் படைக்கு ஐரோப்பியப் போர்முறையைக் கற்பிக்கும் ஆசானாக ஆக்கிக்கொண்டார். பிற்காலத்தில் வலிய கப்பித்தான் எனப் புகழ்பெற்ற டிலனாய், 1777-இல் இறக்கும்வரை திருவிதாங்கூருக்கே உழைத்தார். உதயகிரிக் கோட்டைக்குள் அவரது கல்லறையை நாம் இன்றும் காணலாம். அதன்மேல் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன.

உதயகிரிக் கோட்டைப் பணிகளில் நீலகண்டரும் அரசுப் பொறுப்பாளராய் இருந்தமையால் இருவரும் நாடோறும் பழக நேர்ந்தது. அக்காலத்தில் நீலகண்டரது குடும்பத்தில் இடர்கள் தொடர்ந்து வந்தன, கால்நடைகள் மடிந்தன, விளைவு பொய்த்தது. மனமுடைந்திருந்த நண்பரைத் தேற்ற எண்ணிய டிலனாய், வேதாகமத்திற் கூறப்படும் யோபு என்பவரின் வரலாற்றை எடுத்துரைத்தார். செல்வமும் மக்களும் உடல்நலமும் ஒருங்கே இழந்த நிலையிலும் கடவுளைத் தூற்றாது நின்ற அப்பெரியவரின் கதை நீலகண்டரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. நன்மை செய்தார்க்கு நன்மையும் தீமை செய்தார்க்குத் தீமையும் இம்மையிலேயே அளந்து கொடுக்கப்படும் என்று எண்ணியிருந்தார்க்கு, துன்பம் தண்டனையாகாமல் சோதனையாகவும் இருத்தல் கூடும் என்னும் கருத்துப் புதியதோர் ஒளியாயிற்று. ஒன்றை நாம் இங்கே கருதுதல் வேண்டும்: அவரைக் கிறிஸ்துநெறிக்கு ஈர்த்தது செல்வம் வரும் என்னும் ஆசையன்று, துன்பத்திற் பொருள் காணும் வேட்கையேயாம். ஆகையால் பின்னர்த் துன்பம் வந்தபோது அவர் ஏமாற்றமடையவில்லை.

ஞானஸ்நானமும் புதுப்பெயரும்

திருவிதாங்கூர் உத்தியோகஸ்தர் ஒருவர் வெளிப்படையாகச் சமயம் மாறுதல் அக்காலத்தில் அச்சத்துக்குரிய காரியம். ஆதலின் நீலகண்டர் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, எல்லைக்கப்பால் பாண்டிநாட்டிலிருந்த வடக்கன்குளத்துக்குச் சென்றார். அங்கே சேசுசபையைச் சேர்ந்த புத்தாரி என்னும் இத்தாலியக் குருவிடம் வேதம் பயின்று, 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். அவர்க்கு இடப்பட்ட பெயர் லாசரு. கடவுளின் உதவி பெற்றவன் என்னும் பொருளுடைய அப்பெயரே தமிழில் தேவசகாயம் என வழங்கலாயிற்று.

லாசரு என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்தே, கல்லறையினின்று இயேசுநாதரால் உயிரோடு எழுப்பப்பட்ட பெத்தானியா ஊர் லாசரு நம் நினைவிற்கு வருகிறார். மரணம் இறுதியன்று என்னும் நம்பிக்கை அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. பெயருக்கேற்ற வாழ்வும் சாவும் பின்னர் வந்தமையைக் காண்போம்.

கணவரின் வழியைப் பின்பற்றிப் பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று, ஞானப்பூ எனப் பெயர் கொண்டார். கணவர் சிறைப்பட்ட பின்னும் இறந்த பின்னும் அவ்வம்மையார் நம்பிக்கையில் தளராதிருந்து, 1766-இல் வடக்கன்குளத்தில் காலஞ்சென்றார் என்பர். தேவசகாயத்தைப் போற்றுவோர் இவ்வம்மையாரை மறந்துவிடுதல் நன்றன்று. கொல்லப்படுதற்கு வேண்டும் உறுதி ஒருவகை. தனித்து வாழ்தற்கு வேண்டும் உறுதி மற்றொருவகை.

பகையின் தோற்றம்

சமயம் மாறியபின் தேவசகாயம் ஊழியத்தை விட்டு விலகவில்லை. அரசுப் பணியை முன்போலவே செய்துவந்தார். ஆயினும் அவரது நடையில் ஒரு மாறுதலை எல்லாரும் கண்டனர். கிறிஸ்துவில் எல்லாரும் ஒரு குடும்பத்தார் என்பதை அவர் வாயளவிற் கொள்ளாது, தாழ்த்தப்பட்ட குலத்தாரோடு கலந்து பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார். தொட்டால் தீட்டு, கண்டால் தீட்டு என்று அடிவைக்கும் தூரத்தையும் அளந்து வைத்திருந்த சமுதாயத்தில், உயர்குலத்து அதிகாரி ஒருவர் இவ்வாறு நடந்தது பலர்க்குப் பொறுக்கலாகாக் குற்றமாயிற்று. ஆலய காரியங்களிற் செல்வாக்குடையவரும் அரண்மனை உத்தியோகஸ்தரிற் சிலரும் அவர்மேல் பகைகொண்டு அரசனிடம் குற்றம் சாட்டினர். 1749-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் தேவசகாயம் சிறைப்படுத்தப்பட்டார்.

பழைய நெறிக்குத் திரும்பினால் பதவியும் பெருமையும் மீண்டும் கிடைக்கும் என நயமாகவும், திரும்பாவிடில் மரணமே முடிவு எனப் பயமாகவும் அவர்க்குச் சொல்லப்பட்டது. இரண்டும் அவரை அசைக்கவில்லை.

சிறையும் ஊர்வலமும்

இதன்பின் நிகழ்ந்தவற்றை எழுதக் கை நடுங்கும். கைகள் பின்புறம் கட்டப்பட, எருக்கம்பூ மாலை சூட்டப்பட்டு, எருமைமேல் பின்னோக்கி அமர்த்தப்பட்டு, அவர் ஊரூராய்க் கொண்டுசெல்லப்பட்டார் என்பர். எருமை இயமனுக்கு வாகனம். எருக்கமாலை கொலைத்தண்டனை பெற்றார்க்குரிய அடையாளம். நேற்றுவரை வழிவிட்டு ஒதுங்கி நின்றவர்கள் இன்று நகைத்து நிற்கும்படி செய்வதே அவ்வூர்வலத்தின் நோக்கம். நாள்தோறும் கசையடி, அடிபட்ட புண்களில் மிளகாய்ப்பொடி, பின்னர்க் கொளுத்தும் வெயில், தாகத்துக்குத் தேங்கிக் கெட்ட நீர். இவ்வளவையும் பிறரைச் சபியாது அவர் பொறுத்தார்.

புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வருந்தியபோது அவர் முழங்கையால் பாறையைத் தட்ட, அதினின்று நீர் சுரந்தது என்று மரபு கூறும். அவ்விடம் முட்டிடிச்சான் பாறை என இன்றும் வழங்குகிறது. பெருவிளையில் அவரைக் கட்டிவைத்த பட்ட வேப்பமரம் துளிர்த்தது என்றும் சொல்லுவர். இச்செய்திகளைப் பக்தர்கள் அற்புதங்களாகப் போற்றுகின்றனர். அவற்றை எவ்வாறு கொள்ளினும், ஒன்று தெளிவு: அவமானப்படுத்துதற்காகப் பொதுவிடத்திற் கட்டிவைக்கப்பட்ட அம்மனிதனை நாடி, துன்பமுற்ற எளிய மக்கள் திரள்திரளாக வந்தனர், ஆறுதலும் வேண்டுதலும் பெற்றுச் சென்றனர். காவலரும் வரவர மனமிளகினர். தப்பிச்செல்லுதற்கு இடங்கொடுத்தும் அவர் தப்பிச்செல்ல மறுத்தார் என்பதும் மரபுச்செய்தியே.

இவ்வாறு மக்கள் கூடுவதைக் கண்ட அதிகாரிகள் அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோயினர். திருவிதாங்கூரின் கிழக்கெல்லை அது. மலைத்தொடர் தாழ்ந்து பாண்டிநாட்டுக்கு வழிவிடும் அக்கணவாயில் காற்று ஓயாது வீசும். காற்றாடிமலை என்னும் பெயர் அப்பகுதிக்குப் பொருத்தமானதே. ஏழாண்டுகட்குமுன் நீலகண்டராய் அவ்வழியே கடந்துசென்றவர், இப்பொழுது தேவசகாயமாய் விலங்குபூண்டு அவ்வெல்லைக்கே வந்துசேர்ந்தார். அப்பால் வடக்கன்குளம், அங்கே அவர்க்கு ஞானஸ்நானமளித்த கோயில். இப்பால் காவலரின் துப்பாக்கி. நடுவே இருந்தது சில மைல் தூரமே. அங்கேயும் அவர் செபத்திலும் பொறுமையிலும் நாட்களைக் கழித்தார்.

1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் இரவு, காவலர் அவரைக் காற்றாடிமலைக்குக் கொண்டுசென்று சுட்டுக்கொன்றனர். செபிக்கச் சிறிது நேரம் வேண்டிப் பெற்று, முழந்தாளிட்டுச் செபித்தபின் உயிர்நீத்தார் என்பர். அப்போது அவர்க்கு நாற்பது வயதும் நிறையவில்லை. உடல் காட்டில் எறியப்பட்டது. சில நாட்களுக்குப்பின் கிறிஸ்தவர்கள் எஞ்சியவற்றைத் தேடியெடுத்து, கோட்டாறு புனித சவேரியார் கோயிலிற் பீடத்தின் முன்பாக அடக்கம் செய்தனர். காற்றாடிமலையில் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறை ஒன்று மணியடிச்சான் பாறை என வழங்குகிறது. அவர் இறந்த வேளையில் அது உருண்டு ஒலித்தது என்பது மக்கள் வழக்கு.

ஓர் ஐயமும் அதற்கு விடையும்

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். மார்த்தாண்ட வர்மா மகாராஜா டிலனாய்க்கு உதயகிரிக் கோட்டையிற் கிறிஸ்தவ ஆலயம் அமைத்துக்கொள்ள இடந்தந்தவர். அத்தகையவர் சமயம் மாறியது பற்றி ஒருவரைக் கொல்வித்திருப்பாரோ? அரசியற் குற்றமே தண்டனைக்குக் காரணம் என வாதிக்கும் சரித்திர ஆசிரியரும் உளர். இவ்வாதத்தைத் தள்ளிவிடாது நாம் ஆராய்தல் வேண்டும். அந்நியனுக்குத் தன் சமயத்தில் நிற்க இடந்தருதல் ஒன்று; ஆலயத்தோடும் அரண்மனையோடும் பிணைப்புண்ட உள்நாட்டு அதிகாரி குலக்கட்டையும் வழிபாட்டையும் துறப்பதைப் பொறுத்தல் மற்றொன்று. 1750-ஆம் ஆண்டு ஜனவரியில் மகாராஜா தம் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணம் செய்து, தாம் அத்தெய்வத்தின் தாசராய் ஆளத் தொடங்கினார் என்பதையும் நினைத்தல் வேண்டும். அரசும் கோயிலும் ஒன்றாய் நின்ற அக்காலத்தில், சமயக் குற்றம் எது, அரசியற் குற்றம் எது எனப் பிரித்தல் எளிதன்று. பகைவர் சாட்டிய குற்றம் எப்பெயர் பெற்றிருப்பினும், பழைய வழிபாட்டுக்குத் திரும்பினால் விடுதலை உண்டு என்று அவர்க்குச் சொல்லப்பட்டதாகவே கிறிஸ்தவ மரபு இடைவிடாது உரைத்துவந்துளது. கொச்சி மேற்றிராணியார் 1756-ஆம் ஆண்டிலேயே, அதாவது மரணத்துக்கு நான்காண்டுகட்குள், இச்செய்தியை ரோமாபுரிக்கு எழுதியனுப்பினார்.

பிற்காலத்துப் புகழ்

நாடகமாகவும் வாசகப்பாவாகவும் தேவசகாயத்தின் கதை நம் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக நடித்தும் பாடியும் வழங்கப்பட்டது. ஏட்டிலேறியதைக் காட்டிலும் நாட்டார் நாவில் ஏறியதே அவரது நினைவைக் காத்தது என்னலாம். அவர் பிறந்து முந்நூறாண்டு நிறைந்த 2012-இல், டிசம்பர் 2-ஆம் நாள், நாகர்கோவிலில் அவர்க்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் ரோமாபுரியில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். குருவும் துறவியுமல்லாத இல்லறத்தாராகிய இந்தியருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் இவரே. அதே நாளில் புனிதராக அறிவிக்கப்பட்டவர்களுள் ஒல்லாந்து நாட்டுக் கல்லூரிப் பேராசிரியரும் நாசிக் கொடுமையை எதிர்த்து 1942-இல் டாக்கோ சிறைமுகாமில் மடிந்தவருமான தீத்துஸ் பிராண்ட்ஸ்மா என்பவரும் ஒருவர். ஒல்லாந்தப் படையுடன் வந்த ஒருவர் வாய்க்கேட்ட நம்பிக்கையால் உயிர்துறந்த நம் நாட்டாரும், ஒல்லாந்தப் பேராசிரியரும் ஒரே நாளில் ஒரே வரிசையில் வைத்துப் போற்றப்பட்டமை சிந்திக்கத்தக்கது.

இன்னொன்றும் குறிப்பிடல் வேண்டும். புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, பிள்ளை என்னும் குலப்பெயர் அவர் பெயரோடு சேர்க்கப்படவில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்திலேயே, பின்வந்த கிறிஸ்தவர்கள் சாதிக்கொரு பக்கமாகத் தனித்தனியே நின்று வழிபடும்படி கோயிலின் நடுவே சுவரெழுப்பி வைத்திருந்தனர். அச்சுவர் இடிபட 1910-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. சாதி வேற்றுமை பாராட்டாமையால் பகை தேடிக்கொண்ட ஒருவரை ஈன்ற அவ்வூர்க் கோயிலில் அத்தகைய சுவர் நின்றதென்றால், நம்பிக்கையைத் தொடங்குதல் எளிதென்றும் நிலைநிற்றல் அரிதென்றும் நாம் முன்னே கூறியதற்கு வேறு சான்று வேண்டா. தனிமனிதன் மட்டுமன்று, சபையும் வழுவக்கூடும்.

நாம் கொள்ளத்தக்கவை

இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கவை சில. முதலாவது, விடாமுயற்சி வேறு, பிடிவாதம் வேறு. பிடிவாதக்காரன் பிறரை வெறுப்பான். தேவசகாயமோ அரசனுக்கெதிராகக் கலகம் விளைத்தாருமல்லர், காவலரைப் பகைத்தாருமல்லர். தம் மனச்சாட்சியைத் தவிர மற்றெல்லாவற்றையும் அரசனுக்கு விட்டுக்கொடுத்தார்.

இரண்டாவது, மறுமையை நம்புவோர் இம்மையை மறந்துவிடுவர் என்று சிலர் குறைகூறுவர். இவர் வாழ்க்கை அக்குறையைப் பொய்யாக்குகிறது. நித்தியஜீவனை நம்பிய அவரே இவ்வுலகில் தாழ்த்தப்பட்டவனை உடன்பிறந்தானாகக் கொண்டு உடனிருந்து உண்டார். மரணத்துக்கப்பாலுள்ள வாழ்வில் எல்லாரும் ஒன்றாய் இருப்போம் என்று மெய்யாகவே நம்புகிறவன், இங்கே தனிப்பந்தி தேடான்.

மூன்றாவது, அவரது வெற்றி துப்பாக்கிக் குண்டு பாய்ந்த அந்த ஒருகணத்தில் மட்டும் அடங்கியதன்று. ஞானஸ்நானம் பெற்று இறக்கும்வரை அவர் கிறிஸ்தவராய் வாழ்ந்தது ஆறாண்டு எட்டுத் திங்கள். அதில் ஏறக்குறைய மூன்றாண்டு சிறைவாழ்வு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள்! அவற்றுள் எந்த நாளிலும் ஒரு சொல் சொல்லியிருப்பின் விலங்கு கழன்றிருக்கும். ஒவ்வொரு காலையிலும் அச்சொல்லைச் சொல்லாது மறுத்து மறுத்து வந்த அந்த ஆயிரம் சிறு மறுப்புகளே இறுதிநாளின் பெரிய உறுதியை ஆக்கின. வீரச்சாவு எல்லார்க்கும் விதிக்கப்பட்டதன்று. நாள்தோறும் வரும் சிறு சோதனைகளோ எல்லார்க்கும் உண்டு. பரீட்சை மண்டபத்தில், உத்தியோகத்தில், பந்தியில், திருமணப் பேச்சில், நாம் நம்புவதாகச் சொல்லுவதை விட்டுக்கொடுத்தால் நலம் கிடைக்கும் என்னும் குரல் நமக்கும் கேட்கத்தான் செய்கிறது. அங்கே தளர்பவன் பெருஞ்சோதனையில் நிலைநிற்பான் என்று எதிர்பார்த்தல் வீண்.

நம் மாணவர்கள் எச்சமயத்தவராயினும் ஆகுக. கோட்டாற்றிலும் ஆரல்வாய்மொழியிலும் உள்ள அவ்விடங்களைக் கடந்துசெல்லும்போது, பதவியும் உயிரும் ஒருபுறமும் மெய்யென உணர்ந்தது ஒருபுறமும் வைக்கப்பட்ட நிலையில் தயங்காது தேர்ந்துகொண்ட ஒருவர் நம் மண்ணில் இருந்தார் என்பதை நினைவிற் கொள்வார்களாக. கிறிஸ்தவ மாணவர்களோ, தாங்கள் பெற்ற நம்பிக்கை பிறப்பால் எளிதில் வந்ததாயினும், அதைக் காத்துத் தந்தவர்கள் விலைகொடுத்தே காத்தனர் என்பதை உணர்ந்து, தொடங்கிய நெறியில் முடிவுமட்டும் நிலைநிற்பார்களாக.